பல மாதம் நின்ற பழைய பைக் எவ்வளவு கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, எங்கிருந்து பார்ப்பது?

கார்புரேட்டரில் உடனே கை வைக்காதீர்கள், முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நன்றாகக் கிக் அடித்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. நனைந்து வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, சந்தேகம் தீப்பொறி மேல்தான்.

அப்புறம் பிளக்கைத் துடைத்து, கேப்பில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் ஒட்ட வைத்துக் கிக் அடியுங்கள் (பிளக் துளையைவிட்டுத் தள்ளியே வையுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும்). பளிச்சென்று நீலமாக வெட்டினால் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ, பாயின்ட் (தொட்டும் விலகியும் தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்து வெட்டும் இரண்டு சிறு உலோக முனைகள்) இருக்கிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சும்மா நிற்கும் வண்டியில் அந்த இரண்டு முனைகளிலும் மெல்லிய படலம் படிந்து மின்சாரத்தைத் தடுத்துவிடும், நைசான உப்புத்தாளை இடையில் விட்டு லேசாக இழுத்து, பிறகு வெள்ளைத்தாளால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். பாயின்ட் இடைவெளி பெரும்பாலும் 0.35 முதல் 0.4 மி.மீ., ஆனாலும் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுதான் கணக்கு. பாயின்ட் முனைகளுக்கிடையே பொறி பெரிதாகத் தெறித்தால் கண்டென்சரை (அந்தப் பொறியை அடக்கும் சிறு மின் பாகம்) மாற்றிவிடுங்கள்.

தீப்பொறி நன்றாக இருந்தும் பிளக் காய்ந்தே இருந்தால், பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரில் உள்ள பைலட் ஜெட்டை (பெட்ரோல் போகும் மிகச் சிறு துளையுள்ள பாகம்) அடைத்திருக்கும். கழற்றிக் காற்றடியுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.