மீட்டெடுத்த போர்க்காலப் படகுகளை அடுத்த தலைமுறைக்காக எப்படிக் காப்பது?

உலகப் போர்க்காலத்து மரப்படகுகளைப் பல ஆண்டுகள் பாடுபட்டு மீட்டவர்கள் அவற்றைக் கூரைக்குள் வைக்க வேண்டுமா, தண்ணீரில் ஓட விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாத்தா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. அவருடைய வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மரத்துக்கு உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரே பெரிய பகை. மேல்தளத்து வெடிப்புகளின் வழியே இறங்கும் மழைநீர் வங்குகளின் (படகின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்களின்) அடியில் தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாதபடி மரத்தை உளுத்துப் போகச் செய்துவிடும். நீரே படாமல் சித்திரை வெயிலில் கரையில் கிடந்தாலோ பலகைகள் சுருங்கி, நீர் கசியாதிருக்கத் திணித்துக் கலப்பத்து அடித்த பஞ்சு இடுக்குகளிலிருந்து உதிர்ந்துவிடும். கரையேற்றிய தோணிக்கு ஓலைப்பந்தல் போட்டு, மாலையில் கடல் நீரை வாரி ஊற்றச் சொல்வார் தாத்தா.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1943இல் கட்டப்பட்ட பி.டி. 305 என்ற டார்பிடோ ரோந்துப் படகு இதைவிடச் சிக்கலானது. 78 அடி நீளமுள்ள அந்தப் படகின் உடல், மகோகனிப் பலகைகளை இரண்டு அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, நடுவில் பசை தோய்ந்த கித்தான் வைத்துக் கட்டப்பட்டது. அந்தக் கித்தான் மக்கினால் பலகையைக் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியாது. போருக்குப் பின் சுற்றுலாப் படகாகவும் சிப்பி எடுக்கும் படகாகவும் உழைத்த அதன் பின்பகுதியை, கடலோரக் காவல் விதிகளுக்காக வெட்டி 65 அடியாகக் குறைத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் அந்தப் பகுதியைப் புதிதாகவே கட்டி, 2017இல் மறுபடியும் ஓட்டினார்கள். இப்படிப்பட்ட படகில் எது பழைய பலகை, எது நாம் சேர்த்தது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருபவர்கள் நம் கைவேலையைப் போர்க்காலத்து வேலை என்று நம்பிவிடுவார்கள். கழற்றிய பலகைகளில் சிலவற்றையாவது சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும்.

1945இல் போர் முடிந்ததும், பிலிப்பைன்ஸின் சமார் தீவில் இவ்வகைப் படகுகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கக் கடற்படையே எரித்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. எனவே ஒரு ரகப் படகில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், ஈரப்பதம் சீராக இருக்கும் கூரைக்குள் அதை வைப்பதே சரி. இரண்டு மூன்று இருந்தால் ஒன்றையாவது ஓட விட வேண்டும். ஓடும் படகுக்குத்தான் ஆண்டுதோறும் ஆள் வந்து வேலை செய்வார்கள். கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் நிற்கும், இந்தியக் கடற்படையின் பழைய ஏவுகணைப் படகான ஐ.என்.எஸ். சபல் போன்ற இரும்புப் படகுகளுக்குத் துருவை உடனுக்குடன் சுரண்டிப் பூச்சு அடிப்பதே முதன்மையான பராமரிப்பு.

தாத்தா வரைபடம் எதுவும் வைத்துக்கொண்டதில்லை. அவருடைய அளவுகோலில் வெட்டியிருக்கும் தடங்களில் எது ஏராவுக்கு (படகின் அடிமரத்துக்கு), எது வங்குக்கு என்று எங்கள் வீட்டில் இன்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே படகை மீட்பவர்கள், திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வயதான தச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.