இடிக்கிறதா, பூசுறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருச் சங்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கூடம் இருக்கிறது. மிக்ஜாம் மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதிலிருந்து சுவரில் உப்பு பூத்து, பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி. இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்கிறார்கள் பசங்க. என்ன செய்ய?
- வாசகர், ராயபுரம்

பதில்: முதலில் சிமெண்ட் மூட்டையை வெளியே வையுங்கள். அந்தக் காலத்துச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறி, பூசிய இடத்துக்கு மேலே போய் உப்பாகப் பூக்கும், அப்புறம் அங்கேயும் பூசச் சொல்வார் மேஸ்திரி. ஈரக் கறைக்கு ஒரு முழம் மேல்வரை பூச்சைச் செதுக்கி எடுங்கள். உப்பைக் கழுவாதீர்கள், காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விடுங்கள். அக்னி நட்சத்திரம் இதற்காவது உதவட்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சேர்க்கும் கைவேலைக்காரர்களைக் கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள்.

எனக்குக் கவலை கூரைதான். தேக்கு உத்தரத்தின்மேல் சின்னச் செங்கலைக் குத்தாக, சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால், உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. கூடத்தைப் பூட்டி, முட்டுக் கொடுத்து, பழைய கட்டடம் பார்த்துப் பழகிய இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். தேறாது என்று அவர் சொன்னால் இடியுங்கள், பழசு என்பதற்காக யார் தலையிலும் விழ வேண்டாம்.

கேள்வி: வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் போனவர்கள் இருக்கும்போது பழைய மண்டபத்துக்குச் செலவு நியாயமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வீட்டுக்குத்தான் முதல் பணம். ஆனால் தண்ணீர் வடிந்ததும் அரிசியும் பாயும் எங்கே வைத்துப் பங்கிட்டார்கள்? அநேகமாக இப்படி ஒரு இடத்தில்தான். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் காஷ்டமண்டபம் என்ற பழைய மர மண்டபம் தரைமட்டமானது. ஊர்க்காரர்கள் பிடிவாதமாக நின்று பழைய முறையிலேயே மரத்தில் எழுப்பினார்கள், 2022-ல் முடிந்தது. அதே ஊரின் ராணிப் பொக்கரிக் குளத்தில் மாநகராட்சி கான்கிரீட் போட ஆரம்பித்தபோது சண்டை போட்டு நிறுத்தியதும் அந்த ஜனங்கள்தான். கட்டடத்தையும் அதைப் புழங்கும் மக்களையும் பிரித்துப் பார்த்தால் ஊர் மீளாது என்பதை யுனெஸ்கோவும் உலக வங்கியும் 2018-ல் அறிக்கையாகவே போட்டார்கள். தெருவில் இருப்பவர்களுக்கு அது முன்னமே தெரியும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: பழைய கட்டடங்களைக் காக்க 2012-லேயே மாநிலச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனுக்கு இருக்கும் பேர் தெருக் கூடத்துக்குக் கிடையாது, தேடிவந்து யாரும் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். பத்திரம், பழைய போட்டோ, அளவெடுத்த படம் மூன்றையும் சேர்த்து சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) மனு கொடுங்கள். முத்திரை போட்ட நகலை மறக்காமல் வாங்கி வையுங்கள்.