ஆபரேட்டர் பதில்கள்

கேள்வி: ‘சினிமா பாரடைசோ’ என்ற இத்தாலியப் படம் பார்த்து அழுதுவிட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், “விமர்சகர்களே இதைக் கண்ணீர் பிழிகிற படம் என்கிறார்கள்” என்று கிண்டல் செய்கிறான். நல்ல படமா, இல்லையா?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: பையன் பொய் சொல்லவில்லை அம்மா. 1988-ல் இத்தாலியில் வந்தபோது படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது, கூட்டம்தான் வரவில்லை. அரை மணி நேரத்தை வெட்டினார்கள். வெட்டிய படத்துக்கு 1989 கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு, அப்புறம் ஆஸ்கர். இவ்வளவுக்கும் பிறகும் ‘ரொம்ப இனிப்பு’ என்ற முனகல் நிற்கவில்லை. மோரிக்கோனேயின் இசை சில இடங்களில் நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிற கேபினில், புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றி வயிறு வளர்த்தவன் நான். படத்தில் பாரடைசோ கொட்டகையின் ஆபரேட்டர் ஆல்ஃப்ரெடோவுக்கு, ஃபிலிம் தீப்பிடித்துக் கண் போகிற காட்சியில் எனக்கு இனிப்பு எதுவும் தட்டுப்படவில்லை. பழைய நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். என் காலத்தில் வந்தது அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காத ஃபிலிம். அதுவே புரொஜெக்டரில் விளக்கு வெளிச்சம் விழும் ‘கேட்’டில் சிக்கி நின்றால் கண்ணெதிரே கருகும். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவதற்குள் கீழே விசில் பறக்கும்.

அதை விடுங்கள். கதாநாயகனைப் பெற்ற பிள்ளை போல வளர்த்து, “திரும்பி வராதே” என்று ரயிலேற்றுகிறார் அந்தக் கிழவர். அவனும் முப்பது வருஷம் வரவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெண் எடுக்கிறாள் என்று பெற்ற தாய் சொல்லிக் காட்டுகிறாள். இனிப்பு என்று எழுதியவர்கள் அந்தத் தாய் பேசும்போது வெளியே முறுக்கு வாங்கப் போயிருப்பார்கள்.

கேள்வி: 2002-ல் வந்த நீளப் பதிப்பைப் பார்க்கலாமா?
— வாசகர், ஏற்காடு

பதில்: கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கதாநாயகனின் காதலி எலெனா, அவனைச் சந்திக்க அன்று ஏன் வரவில்லை என்பதற்கு அதில் பதில் கிடைக்கிறது. எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம். முதலில் சின்னதைப் பாருங்கள்.

கேள்வி: ஏற்காடு ரோட்டில் இருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுதான் நம் சேலத்துப் பாரடைசோவா?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கொட்டகை இல்லை, படத் தயாரிப்பாளர் டி.ஆர். சுந்தரத்தின் பழைய ஸ்டூடியோ வாசல். முதல் தமிழ்க் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அவர் எடுத்ததுதான். பாரடைசோ போல இடிந்துபோன கொட்டகை வேண்டுமென்றால், நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. பார்க்கிங் வசதி உண்டு.