பள்ளிகளுக்கு அரசு எவ்வளவு செலவழித்தும் கல்வித் தரம் ஏன் உயர்வதில்லை?

கல்வித் தரம் என்பது கட்டடமோ தேர்ச்சி விழுக்காடோ அல்ல. பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்பதுதான். அரசுகள் எண்ணிக் காட்டக்கூடியவற்றுக்கே அதிகம் செலவு செய்கின்றன.

கென்யாவின் கிராமப் பள்ளிகளில் 1990களில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே முன்னேறினார்கள். ஆங்கிலத்தில் இருந்த நூலை மற்ற பலரால் வாசிக்கவே முடியவில்லை. கீழ்ப்படிகள் இல்லாத ஏணியில் உயரமானவர்கள்தானே ஏற முடியும்?

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் வேறு வழியில் போனது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, ஒரே இடத்தில் தடுமாறும் பிள்ளைகளை, எந்த வகுப்பாக இருந்தாலும் சரி, ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது. வாசிப்பு முன்னேறியது. ஆனால் அரசுப் பள்ளிகளில் இதற்கென்றே தினமும் நேரம் ஒதுக்கிய இடத்தில்தான் பலன் கிடைத்தது. பயிற்சியும் புத்தகமும் மட்டும் கொடுத்த இடங்களில், ஆசிரியர்கள் பாடத்தை முடிக்கவே ஓட வேண்டியிருந்தது. கொள்கை வகுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த நேர ஒதுக்கீட்டைத்தான் என்பேன்.

இது பாடத்திட்டத்தைக் குறைக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வழக்கமான வகுப்புகளும் கூடவே நடக்கின்றன.