பதிவெண் இல்லாத வண்டி வேண்டாம்

தேவகோட்டையிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வேலை, ஞாயிறன்று கண்மாய்க்கரை வழியாகத் தோப்பு, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். மலிவாக வரும் பழைய கவாஸாகி கேஎல்எக்ஸ் 140 பைக்கை வாங்குவதா, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவதை மறந்துவிடுங்கள். அதைச் சாலைக்கென்று விற்கவே இல்லை, பதிவெண் கிடைக்காது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. தோப்புவரை வேனில் ஏற்றிக்கொண்டா போவீர்கள்?

எக்ஸ்பல்ஸின் இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். இரண்டு பாதங்களும் முழுதாக ஊன்றாது. இடுப்பைச் சற்று நகர்த்தி ஒரு காலை ஊன்றப் பழகினால் போதும். 'புரோ' வகை 891. அதன் பக்கம் போகாதீர்கள்.

உயரத்தைவிட எனக்குக் கவலை சீமைக்கருவேல முள்தான். இது ட்யூப் வைத்த சக்கரம். முன்னே 21 அங்குலம், பின்னே 18. பையில் 21 அங்குல ட்யூப் ஒன்று இருக்கட்டும். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து வீடு வந்து சேரலாம். புது ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். ஒடிந்த முள்நுனி அங்கேயே ஒளிந்திருக்கும், துணியில் சிக்கும். அதைப் பிடுங்காமல் மாட்டினால் அடுத்த வளைவில் மறுபடி காற்று போகும்.

மண்பாதைக்கென்று பெரிய ரப்பர் கட்டைகள் வைத்த டயர் ஆசை இப்போதைக்கு வேண்டாம். தினசரித் தார்ச்சாலை ஓட்டத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஷோரூமுக்குப் போகும்போது செருப்போடு போகாமல், வேலைக்குப் போடும் ஷூவோடு ஏறி உட்கார்ந்து பாருங்கள்.