நாற்பதைத் தாண்டிய இடுப்பும் உடற்பயிற்சியும்: கேள்வி பதில்

கே: வயது 47. காலை எழுந்ததும் சூரிய நமஸ்காரம் செய்கிறேன். குனியும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. விட்டுவிடவா?

ப: விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு, இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது நீரை இழுத்து உப்பிவிடும். எழுந்த உடனே குனிந்தால் அதன்மேல் அழுத்தம் கூடுதல். ஒரு மணி நேரம் நடமாடிவிட்டு ஆரம்பியுங்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கியே குனியுங்கள். கை தரையைத் தொடாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

கே: ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். இனி ஜிம் பக்கமே போகக் கூடாதா?

ப: போகலாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய 2015ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில், 40 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதே பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் படுத்துவிடாதீர்கள், அதுதான் எனக்குக் கவலை.

கே: டெட்லிஃப்டில் (தரையில் இருக்கும் எடைக் கம்பியைக் குனிந்து தூக்கும் பயிற்சி) 60 கிலோ தூக்கினால் மறுநாள் வலிக்கிறது. பெல்ட் போடவா?

ப: முதலில் எடையைப் பாதியாக்குங்கள். துடைப்பக் கழி ஒன்றை முதுகோடு நெடுக்காகப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, புட்டத்துக்கு மேலுள்ள எலும்பு மூன்றும் அதைத் தொட்டபடி இருக்க, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து பழகுங்கள். எங்கே கழி விலகுகிறதோ, அங்கே முதுகு வளைகிறது. அதற்குமேல் குனியாதீர்கள். எடைக் கம்பியைக் கட்டைமேல் வைத்து முட்டி உயரத்திலிருந்து தூக்குங்கள். செய்யும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். அடங்காவிட்டால் அளவு அதிகம்.

கே: தொப்பைக்கு சிட்-அப்?

ப: இடுப்பு வலி இருக்கும்போது வேண்டாம். பக்கவாட்டு பிளாங்க் போடுங்கள், அதாவது ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துங்கள். அப்புறம், கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி 10 விநாடி நிறுத்துங்கள்.

கே: வயது 55. ஜிம்மெல்லாம் ஒத்துவராது.

ப: சரி, நடங்கள். வலி குணமானவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பிவர சுமார் 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். வாரம் 5 முறை, அரை மணி நேரம் என்பது இலக்கு. முதல் நாளே அதற்குப் போகாதீர்கள்.

கே: எந்த வலிக்கு டாக்டரிடம் ஓட வேண்டும்?

ப: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், சிறுநீர் போக முடியாமல் நின்றுவிட்டால், தொடை இடுக்கு மரத்துப்போனால், கால் வலுவிழந்தால் அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.