ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்கு ஃபயர்வாலில் எதைத் திறப்பது? கேள்வி பதில்

கேள்வி: சார், அலுவலகக் கணினியில் ஆன்டிவைரஸ் நிறுவும்போது பாதியில் நின்றுவிடுகிறது. ஃபயர்வாலை அணைத்துவிட்டு நிறுவலாமா?

பதில்: வேண்டாம். நிறுவல் முடிந்துவிடும், ஆனால் ஃபயர்வாலை மறுபடி போட்டதும் அப்டேட் நின்றுவிடும். பழைய வைரஸ் பட்டியலோடு ஓடும் ஆன்டிவைரஸை நம்பி உட்கார்ந்திருப்பது பெரிய ஆபத்து. இப்போதெல்லாம் பல இன்ஸ்டாலர்கள் சிறிய கோப்புகள்தான். மீதியை நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இழுக்கின்றன. பாதியில் நின்றால் அந்த இணைப்பு தடைபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஸ்டாலரை ஓடவிட்டு, அந்தக் கணினியின் ஐபியிலிருந்து போன எந்த இணைப்பு தடுக்கப்பட்டது என்று ஃபயர்வால் லாகில் (பதிவேட்டில்) தேடுங்கள். எந்த முகவரி, எந்த போர்ட் என்பது அங்கேயே தெரியும்.

கேள்வி: உள்ளே வரும் போர்ட், வெளியே போகும் போர்ட் இரண்டையும் திறக்க வேண்டுமா?

பதில்: தனிக் கணினி என்றால் வெளியே போகும் வழி போதும். டிசிபி 443 (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான போர்ட்) திறந்திருக்க வேண்டும், டொமைன் பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் வேலை செய்ய வேண்டும். பதில் தரவை ஃபயர்வால் தானாகவே உள்ளே விடும். பாதுகாப்பில்லை என்று பலர் குறியாக்கம் இல்லாத இணைப்புக்கான போர்ட் 80-ஐ முழுவதுமாக மூடிவிடுகிறார்கள். டிஜிட்டல் சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று பார்க்கும் பட்டியல்கள் பெரும்பாலும் 80 வழியாகத்தான் வருகின்றன, அதனால் அந்த முகவரிகளுக்காவது விடுங்கள். எல்லாக் கணினிகளின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மைய நிர்வாக சர்வர் இருந்தால் கணக்கு வேறு. உதாரணமாக, காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸில், கணினிகளில் ஓடும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் அந்த சர்வரின் டிசிபி 13000-க்குப் பேசும். அது அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் திறந்தால் போதும்.

கேள்வி: அப்டேட் சர்வரை பிங் செய்து, வந்த ஐபியை ரூலில் போட்டேன். இரண்டு நாள் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. ஏன்?

பதில்: அந்த ஐபி நிலையானதல்ல. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் சிடிஎன் (பல இடங்களில் உள்ள சர்வர்களிலிருந்து கோப்புகளைத் தரும் வலையமைப்பு) வழியாகத்தான் கோப்புகளைத் தருகின்றன. கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸின் கோப்புகள் கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் வழியாக வருகின்றன. ஐபி எப்போது வேண்டுமானாலும் மாறும், அதே ஐபியில் சம்பந்தமில்லாத எத்தனையோ தளங்களும் இருக்கும். ஆகவே டொமைன் பெயரை வைத்து ரூல் எழுதுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணினி ஒரு டிஎன்எஸ் சர்வரையும் ஃபயர்வால் வேறொன்றையும் கேட்டால், ஒரே பெயருக்கு இரண்டு பேருக்கும் வேறு வேறு ஐபி கிடைக்கலாம். ரூல் சரியாகவே இருக்கும், அப்டேட் மட்டும் விட்டு விட்டு வரும். எங்கே தவறு என்று தேடித் தேடி அலுத்துப்போகும். இரண்டையும் ஒரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வையுங்கள். டொமைன் பெயரை ஏற்காத பழைய ஃபயர்வால் என்றால் நடுவில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி (கணினிகளுக்காக இணையத்தைக் கேட்டுத் தரும் இடை சர்வர்) ஒன்றை வைத்து, அதில் பெயர்ப் பட்டியலைப் போடுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் கிளாம்ஏவி. அதன் அப்டேட் நிரலான ஃப்ரெஷ்கிளாம் 429 பிழை காட்டுகிறது. எந்த ரூலை மாற்ற வேண்டும்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். 429 என்றால் சர்வர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது, அதாவது வழி திறந்துதான் இருக்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே பொது ஐபியிலிருந்து கேட்பதால் ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்கிறது. சிவிடிஅப்டேட் என்ற கருவியால் உள்ளேயே ஒரு மிரர் (அப்டேட் கோப்புகளின் நகலைத் தரும் கணினி) வைத்து, எல்லாக் கணினியிலும் ஃப்ரெஷ்கிளாம் அமைப்பில் ‘ப்ரைவேட் மிரர்’ வரியில் அதன் முகவரியைக் கொடுங்கள். அப்புறம் அந்த ஒரு கணினிக்கு மட்டும் வெளியே ரூல் இருந்தால் போதும். மிரர் கணினியில் டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவுகளைத் தடுக்காதீர்கள். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்பதை சிவிடிஅப்டேட் அதில்தான் பார்க்கிறது.

கேள்வி: அண்ணா, பிரவுசரில் எல்லாத் தளமும் திறக்கிறது, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் மட்டும் அப்டேட் ஆகவில்லை.

பதில்: தம்பி, உங்கள் அலுவலகத்தில் ப்ராக்ஸி இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபெண்டர் சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது, நீங்கள் பிரவுசருக்காகப் போட்ட ப்ராக்ஸி அதற்குத் தெரியாது. விண்டோஸ் சேவைகள் பயன்படுத்தும் வின்எச்டிடிபி ப்ராக்ஸியைத் தனியாக அமைக்க வேண்டும். ப்ராக்ஸி இல்லையென்றால், ஃபயர்வாலில் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன் (குறியாக்கிய இணைப்பை நடுவில் பிரித்துப் பார்ப்பது) போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். நடுவில் சான்றிதழை மாற்றினால் டிஃபெண்டர் இணைப்பைத் துண்டித்துவிடும். மைக்ரோசாஃப்ட் தரும் முகவரிப் பட்டியலுக்கு மட்டும் விலக்கு கொடுக்கச் சொல்லுங்கள்.